எஞ்சினின் அளவும் நெடுவழி வேகமும்



ஆடி அமாவாசைத் தினத்தன்று பிதிர்க்கடன் ஆற்றுவதற்காகக் குடாநாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் மக்கள் கீரிமலைக்கு வந்து கூடுகின்றனர். அன்று கேணிக்கரைக்கு அணித்தாக நிறுத்தப்படும் வாகனங்களை ஒருமுறை நோக்கினால், முக்கால் நூற்றாண்டுக் கால மோட்டார் வரலாறு அங்கே வரிசையாக நிற்பதைக் காணலாம். தாத்தா காலத்து ஒஸ்ரின் ஏ-40 ஒருபுறம், மொறிஸ் மைனர் ஒருபுறம், அவற்றின் அருகே தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாற்போன்ற யப்பானிய சிறு கார்கள், அப்பால் பெரிய வான்கள். நகுலேஸ்வரப் பெருமானின் முன்றிலில் இவையனைத்தும் ஒப்புரவாகவே நிற்கின்றன. ஆனால் வீதியில் ஓடும்போது அப்படியல்ல. "இது எத்தனை சீசீ? எத்தனையில் போகும்?" என்னும் வினாக்கள் இளைஞர் நாவிலே எப்பொழுதும் நின்றுகொண்டிருக்கின்றன. பாடசாலை மாணவர் முதல் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிக் கார் வாங்கிக் கொடுக்கும் மாமனார் வரை எல்லோரும் இவ்வினாவை விடுக்கின்றனர்.

எஞ்சின் பெரிதானால் வேகமும் பெரிதாகுமா? ஓர் எஞ்சினின் அளவுக்கும், அக்கார் நெடுந்தூரம் களைப்பின்றி ஓடக்கூடிய வேகத்துக்கும் உள்ள தொடர்பு என்ன? இதுவே இன்றைய பேச்சின் பொருள். நான் கலைப்பட்டதாரி, பொறியியல் கற்றவனல்லன். ஆயினும், கூட்டலும் பெருக்கலும் அறிந்த எவரும் விளங்கிக்கொள்ளக் கூடிய விடயமே இது. விளங்கிக்கொண்டால் உயிர் காக்கவும் உதவும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'சீசீ' என்பது கனசென்ரிமீற்றர். எஞ்சினின் உருளைகளுக்குள்ளே மேலும் கீழுமாக ஓடும் பிஸ்டன்கள், பாடநூல்கள் முசலம் என்று கூறும் அவ்வுறுப்புகள், ஒரு முறை ஓடுகையில் கடக்கும் கனவளவுகளின் கூட்டுத்தொகையே அது. பானை எவ்வளவு பெரியது என்பதை அது கூறும். அப்பானையில் எவ்வளவு சோறு எத்தனை நேரத்தில் வேகும் என்பதைக் கூறாது. அதைக் கூறுவது குதிரைவலு. மூன்றாவது, வேகம். இதிலும் இரண்டு உண்டு. ஒரு கார் தன் மூச்சையெல்லாம் பிடித்து எட்டக்கூடிய எல்லை வேகம் ஒன்று. மணிக்கணக்காக, எஞ்சின் சூடேறாமல், உறுப்புகள் தேயாமல், ஓட்டுபவரும் களைக்காமல் ஓடக்கூடிய வேகம் மற்றொன்று. இதனை நெடுவழி வேகம் என்று வழங்குவோம்.

நம் நாட்டவருக்கு இவ்வேறுபாட்டை நெடிது விளக்க வேண்டியதில்லை. மாட்டு வண்டிச் சவாரி பார்த்தவர்கள் நாம். சவாரித் திடலிலே பறக்கின்ற காளை, திடலின் முடிவில் நுரை தள்ளி நின்றுவிடும். புகையிலைச் சிப்பம் ஏற்றிய வண்டிலை இரவு முழுதும் இழுத்துச் சென்ற மாடு, விடியும்போது சந்தையில் அசைபோட்டுக்கொண்டு நிற்கும். முன்னையது எல்லை வேகம். பின்னையது நெடுவழி வேகம்.

இனி, ஒரு கார் ஓடும்போது அதனைத் தடுப்பவை எவை என்று பார்ப்போம். சமதரையில் இரண்டு தடைகளே முதன்மையானவை. ஒன்று ரயர்கள் உருளும்போது உண்டாகும் தடை. அது வாகனத்தின் பாரத்தைப் பொறுத்தது. வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. மற்றது காற்றின் தடை. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்லுதற்கு வேண்டிய வலுவோ எட்டு மடங்காகும். எதிர்க்கும் விசை நான்கு மடங்காவதோடு, அதனை இரு மடங்கு வேகத்தில் தள்ளவும் வேண்டியிருப்பதே இதற்குக் காரணம்.

மொறிஸ் மைனர் போன்ற ஒரு கார், இருவரை ஏற்றிக்கொண்டு, நல்ல சமதரை வீதியில் செல்வதாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றரில் செல்ல ஏறக்குறைய 5 குதிரைவலு போதும். 80 இல் செல்ல 13 வேண்டும். 100 இல் செல்ல 23 வேண்டும். 120 இல் செல்ல 37 வேண்டும். 50 இலிருந்து 100 ஆக வேகம் இரட்டித்தபோது வலு நான்கு மடங்குக்கு மேலாகிவிட்டதைக் கவனியுங்கள். இதனாலேதான் எஞ்சினைப் பெருக்கிக்கொண்டே போனாலும் வேகம் அந்த அளவில் பெருகுவதில்லை.

இதற்கு மைனரின் வரலாறே சான்று. அலெக் இசிகோனிஸ் என்னும் வல்லுநர் வடிவமைத்த அக்கார் 1948 இல் வெளிவந்தபோது அதன் எஞ்சின் 918 சீசீ; வலு 27½ குதிரை; எல்லை வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர் அளவு. 1952 இல் அதற்கு 803 சீசீ எஞ்சின் பொருத்தப்பட்டது. அளவு குறைந்தது, வலுவோ 30 ஆகக் கூடிற்று! வால்வுகள் உருளையின் பக்கத்திலிருந்து தலைக்கு மாறியதால் எஞ்சின் நன்றாக மூச்சு விட்டதே காரணம். 1956 இல் 948 சீசீயும் 37 குதிரைவலுவும் வந்தன. 1962 இல் 1098 சீசீயும் 48 குதிரைவலுவும் வந்தன. அப்போது எல்லை வேகம் ஏறக்குறைய 125 கிலோமீற்றர்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். 1948 க்கும் 1962 க்கும் இடையில் எஞ்சினின் அளவு நூற்றுக்கு இருபது வீதமே கூடிற்று. வலு நூற்றுக்கு எழுபத்தைந்து வீதம் கூடிற்று. வேகம் இருபத்தைந்து வீதமே கூடிற்று. ஆகவே, அளவிலிருந்து வலு நேராகப் பிறப்பதுமில்லை. வலுவிலிருந்து வேகம் நேராகப் பிறப்பதுமில்லை. இடையிலே பல விடயங்கள் உள்ளன.

அவற்றுள் ஒன்று மிகச் சுவையானது. அது பொறியியலாளர் செய்த செயலன்று. வரி அதிகாரிகள் செய்த செயல். பிரித்தானியாவில் 1921 ஆம் ஆண்டு முதல், காரின் குதிரைவலு ஒன்றுக்கு ஒரு பவுண் வீதம் ஆண்டு வரி விதிக்கப்பட்டது. அந்தக் குதிரைவலு உண்மையாக அளந்தறியப்பட்டதன்று; ஒரு சூத்திரத்தினால் பெறப்பட்டது. உருளையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தை உருளைகளின் எண்ணிக்கையாற் பெருக்கி, இரண்டரையால் வகுக்க வேண்டும். பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலும் கீழும் ஓடுகின்றது என்பது அச்சூத்திரத்தில் இல்லவே இல்லை. வடிவமைப்பாளர்கள் விட்டுவிடுவார்களா? விட்டத்தை ஒடுக்கினார்கள், ஓட்டத்தை நீட்டினார்கள். வரி குறைந்தது, எஞ்சினோ ஒடுங்கி நீண்ட மூங்கிற் குழாய் போலாயிற்று.

மொறிஸ் மைனரின் முதல் எஞ்சின், அந்த வரிக்காலத்தின் பிள்ளையாகிய மொறிஸ் எயிற் காரின் வழி வந்ததே. அதன் விட்டம் 57 மில்லிமீற்றர். பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீற்றர். விட்டம் ஏறக்குறைய 2¼ அங்குலம். அதன் வர்க்கம் 5. நான்கு உருளைகளுக்கு 20. இரண்டரையால் வகுக்க 8. எயிற் என்ற பெயரின் இரகசியம் இதுதான். அந்த எஞ்சின் தன் முழு வலுவைக் கொடுப்பது நிமிடத்திற்கு 4400 சுற்றில். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்கி 180 மில்லிமீற்றர் ஓட வேண்டும். ஆகவே ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 790 மீற்றர் ஓட வேண்டும். ஒரு சுற்றுக்கு இருமுறை நின்று திரும்பியபடியே அத்தனை தூரமும் ஓட வேண்டும் என்பதை மறவாதீர்கள். சிறிது நேரம் அதைத் தாங்கலாம். மணிக்கணக்காகத் தாங்குவதெப்படி?

இதனோடு ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் காரை ஒப்பிடுவோம். நம்மூரில் ஆமைக் கார் என்று சிறுவர்கள் அழைத்த அதே கார்தான். பேர்டினண்ட் போர்ஷே அதனை வடிவமைத்தபோது, அகன்ற புதிய நெடுஞ்சாலைகளில் மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓயாது ஓட வேண்டும் என்பதே நோக்கம். 1945 இறுதியில் தொடர்ந்து உற்பத்தியாகத் தொடங்கிய காரின் எஞ்சின் 1131 சீசீ. வலு வெறும் 25 குதிரை. மைனரை விட எஞ்சின் பெரிது, வலுவோ குறைவு! ஆனால் அதன் உருளையின் விட்டம் 75 மில்லிமீற்றர். ஓட்டம் 64 மில்லிமீற்றர். முழு வலுவைக் கொடுப்பது 3300 சுற்றில். எனவே பிஸ்டன் நிமிடத்திற்கு ஓடிய தூரம் சுமார் 420 மீற்றர். மைனரின் பிஸ்டன் ஓடியதில் பாதியை விடச் சற்றே கூட. இரண்டு கார்களின் எல்லை வேகமும் 100 அளவுதான். ஆனால் ஒன்றுக்கு அது எல்லை வேகம் மட்டுமே. மற்றதற்கு எல்லை வேகமே நெடுவழி வேகமும் ஆயிற்று. பிரித்தானிய வரிச் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால் அந்த 25 குதிரைக் கார் 14 குதிரைக் காராகக் கணிக்கப்பட்டு, எயிற் காரினும் பெரிய வரி கட்ட வேண்டி வந்திருக்கும்!

அந்த வரி 1947–48 இல் கைவிடப்பட்டது. ஆயினும் அதன் நிழல் உடனே மறையவில்லை. 1959 நவம்பரில் பிரித்தானியாவின் எம்-1 நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோது அங்கே வேக எல்லை இருக்கவில்லை. கிராமத்து வளைவு வீதிகளில் நன்றாக ஓடிய கார்கள் பல, முழு வேகத்தில் இடையறாது ஓட்டப்பட்டபோது கொதித்து, புகைந்து, ஓரத்திலே நின்றன. வேகம் எட்டுவது வேறு, வேகத்தைத் தாங்குவது வேறு என்பதை ஒரு நாடே அன்று கற்றுக்கொண்டது.

நேயர்களே, அந்தப் பிரித்தானியக் கார்களே கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து வீதிகளில் நிலைபெற்றன. குறைவேகத்தில் நல்ல இழுவை தரும் நீண்ட ஓட்ட எஞ்சின் நம் வீதிகளுக்குப் பொருத்தமாகவே அமைந்தது. மல்லாகம், தெல்லிப்பழை, காங்கேசன்துறை என்று அடுத்தடுத்துச் சந்திகள் உள்ள வீதியில் நூறு கிலோமீற்றர் வேகம் யாருக்கு வேண்டும்? கீரிமலை என்ற பெயரில் மலை உண்டு. ஊரில் மலை இல்லை. குடாநாடு முழுவதும் சமதரையே.

அக்கார்களின் பெருமை வெளிப்பட்டது பின்னொரு காலத்தில். 1990 இல் போர் மீண்டும் மூண்டதன் பின், பொருளாதாரத் தடையினால் பெற்றோல் குடாநாட்டில் மருந்துப் போத்தலில் அளந்து விற்கும் பொருளாயிற்று. என் வயதொத்தவர்கள் அக்காலத்தை மறக்கமாட்டார்கள். காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வித்தையை நம் மெக்கானிக்மார் கைக்கொண்டார்கள். ஏ-40 உம் மைனரும் மண்ணெண்ணெயைக் குடித்து, வீதியெங்கும் அதன் மணத்தைப் பரப்பிக்கொண்டு ஓடின. நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றின, பிரசவ வேதனைப்பட்ட தாயை ஏற்றின, மணமக்களையும் ஏற்றின.

இது எவ்வாறு இயன்றது? இரண்டு காரணங்கள். முதலாவது, அந்தப் பழைய எஞ்சின்களின் நெருக்கல் விகிதம் குறைவு. ஏழுக்கு ஒன்று என்னும் அளவு. உருளைக்குள் புகும் கலவையை மிக நெருக்கினால் மண்ணெண்ணெய் உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து, எஞ்சினைச் சம்மட்டியால் அடிப்பதுபோலத் தட்டும். நெருக்கல் குறைந்த எஞ்சின் அதனைப் பொறுத்துக்கொண்டது. நெருக்கல் கூடிய புதிய கார்கள் பொறுக்கமாட்டாமல் நின்றன. இரண்டாவது காரணம் நமது பொருளுக்கு நெருங்கியது. மண்ணெண்ணெயில் எஞ்சினின் வலு குறையும் என்பது உண்மை. ஆனால் குண்டும் குழியுமான வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் எவரும் ஓட்ட இயலாது. ஐந்து பேரை ஏற்றிய ஏ-40, அந்த வேகத்தில் அத்தகைய வீதியில் ஓட, கணக்கின்படி 5 குதிரைவலுவே வேண்டும். நாற்பது குதிரைவலு எஞ்சின் தன் வலுவின் பெரும்பகுதியை இழந்தாலும் ஐந்தைக் கொடுக்காதா? நெடுவழி வேகத்தைத் தாழ்த்திக்கொண்டவருக்கு எஞ்சினின் அளவு ஒரு பொருட்டன்று என்பதை அக்கால யாழ்ப்பாணம் உலகுக்குச் செய்து காட்டிற்று.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். கண்டி வீதி என்று நாம் வழங்கும் ஏ-9 பாதை, போர் முடிந்த பின்னர் திருத்தி அமைக்கப்பட்டு, வழுக்கும் கண்ணாடி போல் விரிந்து கிடக்கின்றது. கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அதே வேளையில், நம் நாட்டிலும் கார்களின் தீர்வை எஞ்சினின் கனவளவை ஒட்டி விதிக்கப்படுவதால், 1000 சீசீக்கு உட்பட்ட சிறு கார்களே நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டுகின்றன. பிரித்தானிய வரி நீண்ட ஓட்ட எஞ்சினைப் பெற்றெடுத்ததுபோல், யப்பானிய வரிச் சலுகை 1990 இலிருந்து 660 சீசீ என்னும் எல்லைக்குட்பட்ட சிறு காரைப் பெற்றெடுத்தது. நமது தீர்வை அதனை நம் முற்றத்திலே கொண்டு வந்து நிறுத்திற்று.

"இந்தச் சிறு எஞ்சின் கொழும்புவரை ஓடுமா?" என்று கேட்கிறார்கள். ஓடும் என்பதில் ஐயமில்லை. அந்த 660 சீசீ எஞ்சின் ஏறக்குறைய 50 குதிரைவலு தருகின்றது. 1948 இன் மைனர் தந்ததைப் போல இரு மடங்கு அளவு. உலோகமும் எண்ணெயும் திருந்திவிட்டன, ஓட்டம் குறுகிவிட்டது, பற்சக்கரத் தொகுதி வேகத்துக்கேற்பத் தானே மாறிக்கொள்கின்றது. அதிவேகப் பாதைகளுக்கு வெளியே, ஊர்ப்புறத்துக்கு அப்பால், கார்களுக்குச் சட்டம் வகுத்த எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். அதற்கு வேண்டிய வலு 10 குதிரை அளவே. ஐம்பதில் பத்து! வண்டில் மாட்டின் நடைதான்.

அப்படியாயின் பெரிய எஞ்சினால் என்ன பயன்? மீதி வலுவே பயன். சமதரையில் சீராக ஓடும்போது அந்த மீதி உறங்கிக் கிடக்கும். மேடு ஏறும்போதும், முந்திச் செல்லும்போதும் அது விழித்துக்கொள்ள வேண்டும். பத்து அடிக்கு ஓரடி உயரும் மலைப்பாதையில் மைனர் அளவான ஒரு கார் மணிக்கு 40 இல் ஏற, சமதரைக்கு வேண்டிய வலுவுக்கு மேலே இன்னும் 14 குதிரைவலு வேண்டும். சமதரையில் 90 இல் ஓடுவதற்குச் சமமான உழைப்பு அது. நுவரெலியாவுக்கு உல்லாசப் பயணம் போகும் நம்மவர் சிறு கார்கள் மூச்சிரைப்பது இதனாலேயே.

மேட்டிலே வலு குறைந்தால் கார் மெல்ல ஏறும், அவ்வளவுதான். முந்தும்போது வலு குறைந்தால் உயிர் போகும். இதனைச் சற்று நிதானமாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

ஏ-9 பாதையில் ஒரு லொறி மணிக்கு 50 இல் செல்கின்றது. அதை முந்த நாம் 70 இல் செல்கிறோம். லொறியின் நீளம், நம் காரின் நீளம், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி ஆகிய எல்லாம் சேர்ந்து 45 மீற்றர் என்க. ஒரு செக்கனில் நாம் லொறியை விட ஐந்தரை மீற்றரே முன்னேறுகிறோம். ஆகவே எட்டுச் செக்கன் வேண்டும். அதற்குள் நாம் ஓடுவது 157 மீற்றர்; எதிரே 70 இல் வரும் வாகனம் ஓடுவதும் அவ்வளவே. முந்தத் தொடங்கும்போது ஏறக்குறைய 315 மீற்றர் வெறுமையாக இருந்தாக வேண்டும்.

இது ஏற்கெனவே 70 இல் வந்து முந்துபவரின் கணக்கு. லொறியின் பின்னால் 50 இல் ஊர்ந்துவிட்டு, ஐந்து பேரும் பெட்டிகளும் நிறைந்த சிறு காரில், குளிரூட்டியும் இயங்க, எட்டுச் செக்கன் எடுத்து 70 ஐ எட்டுபவரின் கணக்கு வேறு. அவர் லொறியைக் கடந்து முடிக்கப் பன்னிரண்டு செக்கன் ஆகும். அவருக்கு வேண்டிய வெறும் வீதி ஏறக்குறைய 450 மீற்றர். எதிரே வருபவர் 70 ஐ மீறி வந்தால் இன்னும் கூட வேண்டும். கார் நிறைந்த குடும்பத்தோடு 315 மீற்றர் இடைவெளியைக் கண்டு வலப்புறம் இறங்குபவர், 135 மீற்றர் பற்றாக்குறையோடு இறங்குகிறார். அந்தப் பற்றாக்குறையைக் கடனாகத் தருவார் எவருமில்லை. எஞ்சின் சிறிதாயிருப்பது குற்றமன்று. அதன் மீதி வலு எவ்வளவு என்று அறியாதிருப்பதே ஆபத்து.

பெரிய எஞ்சின் உடையவருக்கும் ஒரு சொல். மீதி வலு முந்துவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது. 70 இலிருந்து 80 க்கு வேகத்தை உயர்த்தினால், தடுப்பை மிதித்த பின் வாகனம் நிற்பதற்கு வேண்டிய தூரம் நூற்றுக்கு முப்பது வீதம் கூடுகின்றது. மாங்குளத்துக்கு அப்பால் மாலை வேளையில் வீதியில் படுத்திருக்கும் மாட்டுக்கு நமது சீசீ தெரியாது. கிடைக்கும் ஆதாயமோ, வழியெங்கும் தடையின்றி ஓடினாலும், கொழும்புவரை நாற்பத்து மூன்று நிமிடம். அதுவும் சட்டத்தை மீறிப் பெற்ற ஆதாயம். 2022 இல் வாரத்துக்கு இருபது லீற்றர் பெற்றோலுக்காக வரிசையில் நின்ற நமக்கு, காற்றைத் தள்ளுவதற்கே எரிபொருளைச் செலவிடுவது எத்தகைய வீண் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே, கார் வாங்க விரும்புவோர் எல்லை வேகத்தைக் கேட்க வேண்டா. எத்தனை பேரை ஏற்றப் போகிறோம், எந்த வழியில் ஓடப் போகிறோம் என்பவற்றைத் தம்மையே முதலில் கேட்டுக்கொள்க. குடாநாட்டுக்குள் ஓடுவதற்குச் சிறு எஞ்சின் தாராளமாகப் போதும். நெடுவழிக்கும் அது போதும். ஆனால் பாரத்தைக் குறைத்து, எஞ்சினின் வலுவில் ஒரு பங்கை எப்போதும் கையிருப்பில் வைத்து, நீண்ட வெறும் வீதியைக் கண்டாலன்றி முந்தாமல் ஓட்டுக. மலைநாட்டுக்கு அடிக்கடி செல்பவர்களும் நிறைந்த பாரத்தோடு செல்பவர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சீசீயை நாடுவது தகும். பழைய ஏ-40 ஐயும் மைனரையும் பேணி வைத்திருப்போர், அவற்றை 60 கிலோமீற்றர் அளவில் ஓட்டினால் அவை பேரப்பிள்ளைகளுக்கும் உழைக்கும். அவற்றின் எஞ்சின் அதற்கு மேலும் ஓடும். அவற்றின் தடுப்புகள் இக்காலத் தடுப்புகளல்ல.

தன் வலுவறிந்து செயலைத் தொடங்குக என்று அரசர்க்கு அறிவுரை கூறிய மரபு நம்முடையது. அரசர் போய்விட்டனர், அறிவுரை மாத்திரம் வாகனம் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் எஞ்சி நிற்கின்றது. வழிநெடுக நலமாக ஓட்டிச் சென்று, வீட்டாரின் முகத்தில் விழிப்பீர்களாக.